மகளுக்கு வீட்டு வேலை கத்துக்கொடுக்க எந்தப் புக்?

அன்புள்ள அக்கா, ஸ்தோத்திரம். எனக்கு 8 வயசுல ஒரு பொண்ணு, 11 வயசுல ஒரு பையன். பொண்ணுக்கு கர்த்தருக்குப் பிரியமா குடும்பம் நடத்த இப்பவே கத்துக்கொடுக்கணும்னு ஆசை. அமெரிக்க ஹோம்ஸ்கூல் அம்மாக்கள் எழுதின ஒர்க்புக், பிடிஎஃப்னு நெட்ல நிறைய இருக்கு, விலையும் ஜாஸ்தி. எதை வெச்சு முடிவு பண்றது?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புத் தங்கச்சிக்கு,

உங்க ஆசை நல்ல ஆசைம்மா. ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி சாம்பிள் பக்கம் கேட்டு வாங்குங்க, அதுல குணசாலியான ஸ்திரீயைப் பத்தி வேதம் சொல்ற நீதிமொழிகள் 31 பாடம் எப்படி இருக்குன்னு பாருங்க, ஏன்னா இந்த மாதிரி புக் எல்லாத்துலயும் அந்த அதிகாரம் கண்டிப்பா இருக்கும். குணசாலியான ஸ்திரீ விடியுமுன்ன எழுந்து சமைக்கிறா, நூல் நூற்கிறா, அதோட பாடம் முடிஞ்சிருச்சுன்னா அந்தப் புக் வேண்டாம். 16-ம் வசனத்துல அவ வயலை விசாரிச்சு வாங்குறா, சொந்த சம்பாத்தியத்துல திராட்சத்தோட்டம் போடுறா, 20-ல ஏழைக்கு கை நீட்டுறா, 24-ல துணி நெய்து வியாபாரிங்களுக்கு விக்கிறா, 26-ல ஞானமா பேசுறா, இதையெல்லாம் விட்டுட்டு அடுப்படியை மட்டும் எடுத்து ஒரு சின்னப் பொண்ணு கையில குடுக்கிறது வேதத்துக்கே நியாயம் இல்ல.

இன்னொண்ணு, அந்த அதிகாரத்தோட முதல் வசனத்தைப் பாருங்க, லேமுவேல் ராஜாவுக்கு அவன் அம்மா சொல்லிக்கொடுத்தது அது. மகனுக்கு! அதனால உங்க 11 வயசுப் பையனும் பக்கத்துல உக்காரட்டும். உயிர்த்தெழுந்த இயேசுவே திபேரியா கடல் கரையில கரிநெருப்புல மீன் வெச்சு சீஷருக்கு சாப்பாடு குடுத்தாரே (யோவான் 21), அந்தப் பகுதியை அவனையே வாசிக்கச் சொல்லுங்க, அன்னிக்கே மீன் கழுவவும் கத்துக்கொடுங்க.

எபிரெயத்துல 10-ல இருந்து 31 வரைக்கும் உள்ள 22 வசனமும் அகர வரிசையில வருது, நம்ம ஆத்திசூடி மாதிரி. உங்க பொண்ணை அ, ஆ, இ-ன்னு வரிசையா உங்க வீட்டு வேலையை வெச்சே ஒரு வரி ஒரு வரியா எழுதச் சொல்லுங்க, காசு குடுத்து ஒர்க்ஷீட் வாங்கத் தேவையே இல்ல.

அமெரிக்கப் புக்ல ஓவன்ல பிரெட் சுடுறது, தேங்க்ஸ்கிவிங் மேஜை அலங்காரம்னு வரும், அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு அது சரிதான், நம்ம வீட்டுல அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் அறுப்பின் பண்டிகையும் இருக்கு. எங்க ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில போட்டுருவாங்க, ஞாயித்துக்கிழமை அது கோயிலுக்குப் போகும். நான் கணக்கும் காணிக்கையும் கத்துக்கிட்டது அந்தப் பானையில, ஆச்சி ஒரு தடவைகூட உக்காந்து பாடம் எடுத்ததில்ல.

நாகர்கோவில் லேஸ் கதையையும் பொண்ணுக்கு சொல்லுங்க. 1819-ல மிஷனரி குடும்பமா அங்க வந்த மார்த்தா மால்ட் அம்மா, பெண்பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்போட லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தாங்க. அதுல அடிமைகளா இருந்த பிள்ளைங்க லேஸ் வித்த காசுல தங்களையே மீட்டுக்கிட்டாங்க. நாகர்கோவில் அன்னிக்கு திருவிதாங்கூர் ராஜ்யத்துல இருந்துச்சு, அங்க அடிமை முறையை ஒழிச்சதே 1855-லதான், அப்போ யோசிச்சுப் பாருங்க, அந்த ஊசியும் நூலும் அந்தப் பிள்ளைக்கு என்னவா இருந்திருக்கும்னு. யோப்பாவுல விதவைங்களுக்கு அங்கி தைச்சுக் குடுத்த தபீத்தாளையும் (அப்போஸ்தலர் 9) இதோட சேர்த்து சொல்லலாம். கைவேலைன்னா என்னன்னு கேக்குற பிள்ளைக்கு நான் இந்த ரெண்டு பேரையும்தான் காட்டுவேன்.

அப்புறம் தீத்து 2-ல முதிர்வயசு ஸ்திரீகள் இளம் பெண்களுக்குப் படிப்பிக்கணும்னு பவுல் எழுதுறார். உங்க சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்துல குரோஷே, தையல், ஊறுகாய்னு கை தேர்ந்த ஒரு பாட்டி கண்டிப்பா இருப்பாங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் ரெண்டு பிள்ளைங்களையும் அவங்ககிட்ட கூட்டிட்டுப் போங்க. புக்குக்கு வெச்ச காசுல நூலும் துணியும் வாங்கிட்டுப் போங்க, அந்தப் பாட்டிக்குக் கொஞ்சம் பழமும்.