பெர்லினுக்கு வரும் தம்பிக்கு: லோடாஷ் மட்டும் போதாது

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெர்லினில் ஆப் செய்யும் நிறுவனம் ஒன்றில் ரியாக்ட் நேட்டிவ் (ஜாவாஸ்கிரிப்டில் மொபைல் ஆப் எழுதும் கருவி) வேலை, அடுத்த மாதம் பயணம். அவர்களுடைய கோட் முழுக்க லோடாஷ்தானாம், அதாவது அடிக்கடி வேண்டிய சின்ன வேலைகளுக்கு முன்பே எழுதிவைத்த ஃபங்ஷன்கள் கொண்ட ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். அதை நன்றாகப் படித்துவிட்டு வந்தால் சமாளிக்கலாமா, வீடு, குளிர், சாப்பாடு எல்லாம் எப்படி என்பது கேள்வி.

குளிருக்கு ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்கிக்கொள். வீடு கிடைக்காத கதையைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேள். நான் லோடாஷைப் பற்றித்தான் சொல்வேன். நம் ஊர்ப் பிள்ளைகள் அடிவாங்குவது அந்த இடத்தில்தான்.

தம்பி, பெரும்பாலும் முதல் 6 மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் காரணம் சொல்லாமல் 2 வார நோட்டீசில் அனுப்பிவிட சட்டமே இடம் கொடுக்கிறது. உன்னை அவர்கள் அளந்து பார்ப்பது கோட் ரிவியூவில், அதாவது நீ எழுதிய கோடைச் சேர்க்கும் முன் மற்றவர்கள் படித்துப் பார்க்கும்போது. "இந்த ஃபங்ஷன் எதற்கு?" என்று கேட்பார்கள். உன்னை மட்டம் தட்ட இல்லை, பதில் வேண்டும் என்பதற்காகத்தான். ஊரில் டீம் லீட் கேட்டால் "சரி சார், மாத்திடுறேன்" என்று பழகியிருப்பாய். இங்கே அப்படிச் சொன்னால் உனக்கு விஷயம் தெரியாது என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

லோடாஷ் 2012இல் வந்தது, 2009இல் வந்த அண்டர்ஸ்கோர் என்ற நூலகத்திலிருந்து பிரிந்து வளர்ந்தது. பழைய பிரவுசர்களில், பட்டியலின் ஒவ்வொன்றையும் மாற்றித் தரும் மேப், வடிகட்டித் தரும் ஃபில்டர் கூட இல்லாத காலம் அது. அப்போது அது பெரிய உதவி. இன்று அவை ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே இருக்கின்றன. பட்டியலுக்குள் இருக்கும் பட்டியலை விரிக்கும் ஃப்ளாட் 2019இல் வந்தது, குழுவாகப் பிரிக்கும் குரூப் பை 2024 பதிப்பில் வந்துவிட்டது. வெறும் மேப்புக்காக, சுருக்கிய பிறகும் 24 கேபி வரும் முழு நூலகத்தை ஏன் இழுக்கிறாய் என்று கேட்டால் உன்னிடம் பதில் இருக்க வேண்டும்.

இதைவிட ஆபத்து, கொடுத்த பட்டியலையே மாற்றிவிடும் ஃபங்ஷன்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மீன் விலையைக் காட்டும் ஆப் ஒன்றை எழுதுகிறாய் என்று வைத்துக்கொள். விற்றுத் தீர்ந்த மீனை ரிமூவ் போட்டு நீக்கினால் மூலப் பட்டியலே மாறிவிடும். ஆனால் அது அதே பட்டியல்தான் என்பதால், அதை அப்படியே ஸ்டேட்டில் (திரையில் காட்டுவதை ரியாக்ட் வைத்திருக்கும் இடம்) வைத்தாலும் ரியாக்ட் திரையைப் புதுப்பிக்காது. ரிஜெக்ட் போட்டால் புதுப் பட்டியல் கிடைக்கும். இரண்டு பொருள்களை (ஆப்ஜெக்ட்) இணைக்கும் மெர்ஜும் ரிமூவ் மாதிரிதான், முதலில் கொடுத்த பொருளையே மாற்றும். வரிசைப்படுத்தும் லோடாஷின் சார்ட் பை மாற்றாது, மொழியின் சொந்த சார்ட் மாற்றும். எது மாற்றும், எது மாற்றாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

"6", "8", "10" என்ற மூன்று எழுத்துச்சரங்களை மேப்பில் பார்ஸ்இன்ட்டோடு (எழுத்துச்சரத்தை எண்ணாக்கும் ஃபங்ஷன்) போட்டுப் பார். 6, NaN (எண் அல்ல), 2 என்று வரும். மேப் இரண்டாவதாக வரிசை எண்ணையும் அனுப்புகிறது, பார்ஸ்இன்ட் அதை எண்ணின் அடிமானமாக (சாதாரண எண்ணுக்கு 10, பைனரிக்கு 2) எடுத்துக்கொள்கிறது. லோடாஷின் எஃப்பி (ஃபங்ஷனல் புரோகிராமிங்) வடிவத்திலுள்ள மேப் ஒரே ஒரு மதிப்பைத்தான் அனுப்பும், அதனால் 6, 8, 10 என்றே வரும். இந்த ஒன்றைப் புரிந்து விளக்கினாலே உன்மேல் மரியாதை வரும். இன்னொன்று, சேர்ந்த முதல் வாரமே எந்தப் பதிப்பு என்று பார். 2019இல் வெளியான ஒரு பாதுகாப்புக் குறை 4.17.12இல்தான் சரியானது. அதற்கு முந்தையதை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் நீயே எடுத்துச் சொல்.

இங்குள்ள நம்மவர்கள் சிலர் "வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறு, ஆழமாப் படிக்காதே" என்று அறிவுரை சொல்வார்கள். கேட்காதே மக்கா. பல வருஷம் ஆகியும் ஜெர்மன் பேசாமல், நம் ஆட்களோடு மட்டும் உட்கார்ந்து இந்த நாட்டைக் குறை சொல்கிறவர்கள் அவர்கள். எனக்கு அதில் கோபமே உண்டு.

நான் வந்தபோது முதல் நிறுவனத்தில் என் லீட் என் கோடைக் காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்று ஒற்றை வார்த்தையில் திருப்பி அனுப்புவார். மதியம் சாப்பிடும்போது எல்லாரும் ஜெர்மனுக்கு மாறிவிடுவார்கள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரவு அறைக்கு வந்து லோடாஷின் மூலக் கோடை வரிவரியாகப் படித்தேன். அது திறந்துதான் கிடக்கிறது, யாரும் படிக்கலாம். மாலை வகுப்புக்குப் போய் ஜெர்மனும் படித்தேன். பிறகு ரிவியூவில் நானே ஜெர்மனில் காரணம் கேட்டேன். அந்த லீட் பதில் எழுத ஆரம்பித்தார்.

படிக்கிற அந்தப் பழக்கம் ஊரிலேயே வந்தது. தக்கலையில் ஏறி, களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குத் தினமும் போய்வந்த காலம். பேருந்தில் இடம் கிடைத்தால் மடியில் அச்செடுத்த தாள்கள் இருக்கும். பக்கத்தில் வேட்டி கட்டிய பெரியவர்கள் "என்னடே பரீட்சையா?" என்பார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா கிழங்கும் மீனும் வைத்திருப்பாள்.

அட, சாப்பாட்டையும் கேட்டிருந்தாய் அல்லவா? மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) இங்கே ஆசியக் கடைகளில் உறைய வைத்தது கிடைக்கும். குடம்புளியை மட்டும் ஊரிலிருந்து எடுத்து வா.