கணக்குக் கேட்பது கலகமா?

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சிறிய சபைக்குப் போகிறோம். கட்டட நிதிக்குத் தொடர்ந்து கொடுத்து வருகிறோம். போன மாதம் என் கணவர் அந்த நிதியின் வரவுசெலவைக் கேட்டார். "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே, இரண்டகம் (கலகம்) பில்லிசூனியத்துக்குச் சமம்" என்று பாஸ்டர் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அதிலிருந்து சபையில் பலர் எங்களோடு பேசுவதில்லை. நாங்கள் கீழ்ப்படியாமல் போய்விட்டோமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

இல்லை. பாஸ்டர் சொன்ன இரண்டு வசனங்களையும் வீட்டில் உட்கார்ந்து முழு அதிகாரமாக வாசியுங்கள். இரண்டுமே அதிகாரத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் சொல்லப்பட்டவை.

முதல் சாமுவேல் 15இல் கண்டிக்கப்படுகிறவன் சவுல் ராஜா. அமலேக்கியருக்கு உண்டானதையெல்லாம் அழிக்கச் சொன்ன கட்டளையை மீறி, அவர்கள் ஆடுமாடுகளில் நல்லதையெல்லாம் தப்பவைத்துவிட்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்கிறான். அப்படியானால் என் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று சாமுவேல் கேட்கிறார். ஜனங்கள் பலியிடக் கொண்டுவந்தார்கள் என்று பழியைத் தள்ளிவிடுகிறான். கணக்குக் கேட்கிறவர் தீர்க்கதரிசி, மழுப்புகிறவன் ராஜா. இரண்டகம் என்ற குற்றச்சாட்டு அந்த ராஜாவின் மேல்தான் விழுகிறது.

சங்கீதம் 105 இன்னும் தெளிவு. அங்கே 'அபிஷேகம்பண்ணினவர்கள்' ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். சொற்ப ஜனமாய், பரதேசிகளாய், ஊர் ஊராகப் போனவர்கள். தொடாதே என்ற எச்சரிக்கை ராஜாக்களுக்கு. 1860இல் மதராஸிலிருந்து கப்பலேறி வந்து, துரையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் கரும்புத் தோட்டத்தைவிட்டு வெளியே போக முடியாமல் கிடந்த நம் முன்னோருக்கு ஆறுதலாயிருக்க வேண்டிய வசனம் அது. அதை எடுத்து அவர்கள் பேரப்பிள்ளைகளின் வாயை அடைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இந்த நாட்டில் இது புதிதும் இல்லை. ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐக் காட்டி நிறவெறி அரசுக்கு அடங்கியிருக்கச் சொன்னார்கள். அந்த வாசிப்பு தவறு என்று 1985இல் இந்நாட்டு இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் வெளிப்படையாக எழுதியது. அந்த அதிகாரத்தை எழுதிய பவுலே பிலிப்பியில், விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் தாங்களே வந்து தன்னை வெளியே விடட்டும் என்று நின்றவர்.

அதற்காகக் கீழ்ப்படிதலே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெபத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். நியாயமாகக் கண்டித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். எபிரெயர் 13:17 நம்மை அடங்கச் சொல்கிறது. ஆனால் நடத்துகிறவர்கள் உத்தரவாதம் பண்ண, அதாவது கணக்கு ஒப்புவிக்க, வேண்டியவர்கள் என்றும் அதே வசனம்தான் சொல்கிறது. எருசலேமுக்குத் தர்மப்பணம் கொண்டுபோனபோது, ஒருவரும் குற்றம் சொல்லாதபடி பவுல் வேறு சகோதரரையும் கூட அனுப்பினார். இரண்டு கொரிந்தியர் 8ஐப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் சபை 1997ஆம் ஆண்டின் இலாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்கீழ் பதிவானதா என்று விசாரியுங்கள். பதிவாகியிருந்தால், ஆண்டுதோறும் நிதி அறிக்கையைச் சமூக மேம்பாட்டுத் துறையிடம் கொடுத்தாக வேண்டும். அதற்குக் கீழ்ப்படிய வேண்டியவர் பாஸ்டர்.

வாட்ஸாப்பில் எதையும் போடாதீர்கள். மூப்பர்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, நீங்களும் கணவருமாக பாஸ்டர் வீட்டுக்கே போய், அந்தக் கட்டட நிதியின் கணக்கை மட்டும் தாழ்மையாகத் திரும்பக் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.