சிகரெட் பஞ்சு கூட்டில் இருந்தால் சிட்டுக்குருவிக்கு நல்லதா?

கேட்டிருப்பது இரண்டு விஷயம். தெருவில் எறியும் சிகரெட் துண்டால் பறவைகளுக்கும் மற்ற உயிர்களுக்கும் என்ன கெடுதல் என்பது ஒன்று. குருவிகளே அதைப் பொறுக்கிக் கூட்டில் வைத்துக்கொள்கின்றன, அதனால் பூச்சி அண்டாது என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தி உண்மையா என்பது இன்னொன்று. இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வடசென்னைப் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையிலேயே இந்தச் செய்தியைக் காட்டி "குருவிக்கு நல்லதுதானேப்பா" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

செய்தியில் பாதி உண்மை. மெக்சிகோ நகரத்துப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் சிட்டுக்குருவி, ஃபின்ச் என்கிற சின்னப் பறவை இரண்டின் கூடுகளையும் பிரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலான கூடுகளில் சிகரெட் பஞ்சு இருந்தது. பஞ்சு எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைவாக இருந்தன கூட்டின் செல்லுப் பூச்சிகள் (கோழிக்கு வருமே, அந்த மாதிரி ரத்தம் உறிஞ்சும் பூச்சிகள்). புகைத்த துண்டையும் புகைக்காத துண்டையும் தனித்தனியாக வைத்துச் சோதித்தபோது புகைத்ததன் பக்கம்தான் பூச்சிகள் குறைவாக வந்தன. 2017-ல் வந்த இன்னொரு ஆய்வில் ஃபின்ச் கூடுகள் சிலவற்றில் உயிருள்ள உண்ணிகளை விட்டுப் பார்த்தார்கள். அந்தக் கூட்டுப் பறவைகள் மற்றவற்றைவிட அதிகமாகப் பஞ்சைக் கொண்டுவந்து சேர்த்தன. அதாவது தெரிந்தேதான் செய்கின்றன போலிருக்கிறது. உண்மையிலேயே வியக்க வேண்டிய புத்திசாலித்தனம்.

மிச்சப் பாதியைத்தான் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. அதே ஆய்வாளர்கள் 2014-ல் குஞ்சுகளின் ரத்தத்தைச் சோதித்து எழுதியது இது: கூட்டில் பஞ்சு கூடக்கூட குஞ்சுகளின் ரத்த அணுக்களில் மரபணுச் சேதமும் கூடியிருந்தது. இது இப்படித்தான் ஆகும். புகையிலையை ஊறவைத்து அசுவினிப் பூச்சிக்குத் தெளிப்பது நம் ஊர் விவசாயிகளுக்குப் பழக்கமானதுதான். பூச்சியை விரட்டும் அதே நிகோடின்தான் பஞ்சில் தங்குகிறது, அதோடு புகையிலிருந்து சேர்ந்த தார், ஈயம், காட்மியம், ஆர்செனிக் எல்லாம். முட்டையிலிருந்து வந்த குருவிக்குஞ்சுக்கு இறகு கிடையாது, கண்கூடத் திறந்திருக்காது, வெறும் தோலோடு பிறந்து சுமார் இரண்டு வாரம் அந்த மெத்தையிலேயே கிடக்கிறது.

இந்த வேலைக்குக் குருவியிடம் நல்ல மருந்து ஏற்கெனவே இருந்தது. நம் நாட்டுச் சிட்டுக்குருவிகள் கூட்டில் வேப்பிலை சேர்ப்பதைப் பற்றி 1981-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு மாடி ஏறியதில் வேப்பமரங்கள் குறைந்துகொண்டே போகின்றன, டீக்கடை வாசலிலும் பெட்டிக்கடை வாசலிலும் சிகரெட் பஞ்சுக்கு மட்டும் குறைச்சலே இல்லை. அரிசிக் கடை ஷட்டர் பெட்டியில் கூடு கட்டும் குருவி எதை எடுக்கும்?

அடுத்து அந்தப் பஞ்சைப் பற்றி. பலரும் அதைப் பருத்தி என்று நினைத்துக்கொண்டு மண்ணோடு மண்ணாகிவிடும் என்கிறார்கள். அது செல்லுலோஸ் அசிடேட் என்கிற பிளாஸ்டிக், ஒரு பஞ்சுக்குள் 12,000-க்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள். இத்தாலியில் இரண்டு வருடம் போட்டு வைத்துப் பார்த்தபோதும் எடையில் சுமார் 38 சதவீதம்தான் குறைந்தது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 4.5 லட்சம் கோடி துண்டுகள் இப்படி வெளியில் விழுவதாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. பீடியில் பஞ்சு கிடையாது, சுற்றியிருப்பது இலை, அது மட்கிவிடும். ஆனால் மிச்சமிருக்கும் புகையிலையின் நஞ்சு அதிலும் உண்டு. இத்தனைக்கும் இந்தப் பஞ்சால் புகைப்பவருக்கு ஆபத்து குறைவதாகவும் இல்லை. ஒருத்தருக்கும் பிரயோஜனமில்லாத பிளாஸ்டிக் இது, எனக்கு ஆத்திரமே அதில்தான்.

தெருவில் விழுந்தது தெருவிலேயே கிடந்தாலாவது கூட்டி அள்ளிவிடலாம். வடசென்னையில் அது தண்ணீருக்குப் போய்ச் சேர ஒரு மழை போதும். மழைநீர் வடிகாலில் இறங்கும், கொருக்குப்பேட்டைப் பக்கம் என்றால் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகும், அங்கிருந்து எண்ணூர்க் கழிமுகம். பெர்லினில் 2014-ல் செய்த ஆய்வின்படி, நனைந்த முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே துண்டிலிருந்து வெளியேறக்கூடிய நிகோடினில் பாதி கரைந்து வந்துவிடுகிறது, ஆக துண்டு கால்வாயைத் தொடுவதற்கு முன்பே அதன் சாறு போய்ச் சேர்ந்திருக்கும். அமெரிக்காவில் சான் டியாகோவில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு புகைத்த துண்டு என்ற கணக்கில் ஊறவைத்த நீரில் மீன்களை விட்டார்கள், நான்கு நாளில் ஏறக்குறைய பாதி செத்துப்போயின. 2011-ல் வெளியானது அந்த ஆய்வு. கழிமுகச் சேற்றில் இருப்பது போன்ற கடல்புழுக்களை வைத்து 2015-ல் வந்த ஆய்வில் புழுக்கள் இளைத்தன, மண்ணுக்குள் புதைய அதிக நேரம் எடுத்துக்கொண்டன, மரபணுச் சேதமும் ஏறியது. எண்ணூரில் உள்ளான் பறவைகள் அலகால் சேற்றைக் குத்திக் குத்தித் தேடுவது இந்த மாதிரிப் புழுக்களைத்தான். ஆற்றில் மடவை மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கும் ஜனங்களும் அங்கே இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் எண்ணெய் பரவி கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் கறுப்பாக நின்ற இடமும் அதுதான். பெரிய ஆலைகளின் கழிவு முன்னால் சிகரெட் துண்டெல்லாம் ஒரு கணக்கா என்று கேட்பார்கள். ஆலைக்கு எதிராகப் போராட வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் துண்டைக் கீழே போடாமல் இருக்க எந்தப் போராட்டமும் வேண்டாமே.

நேரடியாக விழுங்குவதும் நடக்கிறது. 2019-ல் ஃப்ளோரிடா கடற்கரையில் ஆலா என்கிற கடற்பறவைக்கு உறவான ஒரு பறவை தன் குஞ்சுக்குச் சிகரெட் துண்டை ஊட்டும் படம் உலகம் முழுக்கப் பரவியது. மீனென்று நினைத்துக் கொடுத்திருக்கும். பஞ்சு வயிற்றை அடைக்கும், சத்து எதுவும் கிடையாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைப்பதற்கே தடை இருக்கிறது. 2022 ஜூலையில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களை நாடு முழுக்கத் தடை செய்தபோது அந்தப் பட்டியலில் சிகரெட் பஞ்சு இல்லை. காது குடையும் பட்ஸின் குச்சியைச் சேர்த்தவர்கள் இதை எப்படி விட்டார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. பஞ்சுக்கும் தடை வரும்வரை நம்மால் ஆனது: எங்கள் டீக்கடை மாஸ்டரிடம் "அண்ணே, ஒரு பழைய பெயின்ட் டப்பால மணல் போட்டு வைங்கண்ணே" என்று கேட்டேன், வைத்தார். எல்லோரும் அதில் போடுவதில்லை, ஆனாலும் வாசலில் கிடப்பது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்திருக்கிறது. டப்பா நிறைந்தால் குப்பை வண்டிக்குத்தான் போக வேண்டும், சாக்கடையில் கொட்டிவிட்டால் வைத்ததே வீண்.

உங்கள் வீட்டுக் குருவிப் பெட்டியில் பஞ்சைப் பார்த்தால் உடனே கூட்டைக் கலைக்காதீர்கள், முட்டையோ குஞ்சோ இருந்தால் கை வைக்கவே கூடாது. குஞ்சுகள் பறந்துபோன பிறகு பழைய கூட்டை எடுத்துவிட்டுப் பெட்டியை வெயிலில் காயவையுங்கள். அடுத்த முறை அது கூடு கட்டத் தொடங்கும்போது பால்கனியில் வைக்கோலும் காய்ந்த புல்லும் கொஞ்சம் வேப்பிலையும் போட்டு வையுங்கள். தென்னை நாரை நீளமாக விடாமல் சின்னதாக நறுக்கிப் போடுங்கள், இல்லையென்றால் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும்.