வண்டி வாங்கினால் மட்டும் போதுமா? வாசகர் கேள்வி – பதில்

கே: பெங்களூரு வேலையை விட்டுவிட்டு மதுரைக்கே வந்துவிட்டேன். கையில் கர்நாடகப் பதிவு கார் இருக்கிறது. பன்னிரண்டு மாதம் வரை கவலையே வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பன்னிரண்டு மாதம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவில் இருக்கிறது. அது புதுப் பதிவெண் வாங்குவதற்கான கெடு, வரிக்கான சலுகை அல்ல. வரி மாநிலத்தின் கையில். இங்கே ஓட்டினாலும், ஓட்டுவதற்காக வைத்திருந்தாலும் வரி உண்டு என்கிறது 1974-ஆம் ஆண்டு தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம். வாகனச் சோதனையில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான். ஊர் வந்து சேர்ந்ததுமே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். அதற்கு மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் படிவம் 28. விண்ணப்பிக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: கட்டாத சலான் பாக்கி இருக்கிறதா, ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் இருக்கிறதா, தளத்தில் இருக்கும் செல்போன் எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா. கடைசியில் சொன்னதுதான் பலரைத் தடுக்கிறது, ஓ.டி.பி. என்றோ விட்ட சிம்முக்குப் போய்க்கொண்டிருக்கும்.

படிவத்தில் சேஸிஸ் எண்ணின் (காரின் அடிச்சட்டகத்தில் பொறித்த அடையாள எண்) பென்சில் பிரிண்ட் ஒட்ட வேண்டும். எண் பொறித்த இடத்தில் துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நன்றாகத் துடைத்து, மெல்லிய தாளை அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் எழுத்துகள் எழும். ஓர் எழுத்து மங்கினாலும் திருப்பி அனுப்புவார்கள்.

விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் என்.ஓ.சி. கொடுத்ததாகவே கருதலாம் என்று அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் பேச நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கணினியில் என்.ஓ.சி. ஏறாமல் மதுரை கவுண்டரில் எதுவும் நகராது.

என்.ஓ.சி. வந்ததும் புதுப் பதிவெண்ணுக்கு மதுரையில் படிவம் 27. கூடவே என்.ஓ.சி., ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, கார் வாங்கிய இன்வாய்ஸ். வரியை காரின் விலையையும் வயதையும் வைத்துக் கணக்கிடுவதால் இன்வாய்ஸ் முக்கியம். பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காரை நேரில் காட்ட வேண்டும். பதிவுக் கட்டணம் 600 ரூபாய்தான். கையைக் கடிப்பது வரி. டி.என். ஆர்.சி. வந்த பிறகு அதன் நகலையும் பழைய வரி ரசீதையும் வைத்து, கர்நாடகத்தில் கட்டிய ஆயுட்கால வரியில் (லைஃப் டேக்ஸ்) மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

கே: 9.90 லட்சத்துக்கு ஒரு மாடல், 10.20 லட்சத்துக்கு ஒரு மாடல். முப்பதாயிரம்தானே, மேல் மாடலையே எடுங்கள் என்கிறார் டீலர். எடுக்கலாமா?

முப்பதாயிரத்தோடு நிற்காது. 2023 நவம்பரில் திருத்திய விகிதப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை ஆயுட்கால வரி 13 சதவீதம், அதற்கு மேல் 20 லட்சம் வரை 18. வருமான வரி போலத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் போடுவதில்லை, முழு விலைக்கும் போடுவார்கள். முதல் மாடலுக்கு வரி 1,28,700. இரண்டாவதற்கு 1,83,600. வரியில் மட்டும் 54,900 கூடுகிறது, காரின் விலை வித்தியாசத்தைவிட அதிகம். ஒரு சன்ரூஃபுக்கு இவ்வளவு தேவையா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

கே: நம்பர் பிளேட்டில் தமிழில் எழுதிக்கொள்ளலாமா?

ஆசை நியாயமானது, விதி இடம் கொடுக்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50-ஆம் விதிப்படி எழுத்து ஆங்கிலம், எண் 1, 2, 3 என்ற வழக்கமான வடிவம். மீறினால் முதல் தடவை 500 ரூபாய் வரை, மறுபடி பிடிபட்டால் 1,500 வரை அபராதம். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு பிளேட் டீலரிடமிருந்தே வரும். அதைக் கழற்றிவிட்டு ஃபேன்சி பிளேட் மாட்டுவது இன்னொரு தவறு. பம்பர் வேலைக்கு விடும்போதும் கவனம் வேண்டும். பிளேட்டைப் பிடித்திருக்கும் ஸ்னாப் லாக்கைக் கழற்ற முடியாது, உடைக்கத்தான் முடியும். உடைந்தால் திரும்பப் பூட்டாது. மெக்கானிக் போல்ட் போட்டு முறுக்கிக் கொடுப்பதை ஏற்காதீர்கள். பிளேட் தொலைந்தால் முதலில் போலீஸில் புகார், அப்புறம் புது பிளேட். உங்கள் எண்ணை வேறு வண்டியில் மாட்டி யாராவது ஓட்டினால் சலான் உங்களுக்குத்தான் வரும்.

கே: அப்பா காலமாகி இரண்டு மாதம். பைக் அவர் பெயரில். நான் ஓட்டலாமா?

இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்திருந்தால் மூன்று மாதம் வரை அவர் பெயரிலேயே ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். தெரிவிக்காமல் விட்டிருந்தால் இனியும் தள்ளாமல் இந்த வாரமே போய்விடுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதப் பத்திரம் வேண்டும். தாமதமாவது பெரும்பாலும் வாரிசுச் சான்றில்தான், அதை முதலில் விண்ணப்பியுங்கள். பைக்குக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய். இன்ஷூரன்ஸையும் கையோடு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஆர்.சி. ஒரு பெயரிலும் பாலிசி இறந்தவர் பெயரிலும் கிடந்தால், விபத்து நடக்கும் அன்று கிளெய்மில் சிக்கல்.