தொடர்கல்விக் கருத்தரங்குகளால் ஒரு மருந்தாளருக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் சொந்தமாக மருந்தகம் தொடங்கி, அதில் தாம் ஒருவர் மட்டுமே பதிவு பெற்ற மருந்தாளராக இருக்கும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். உரிமத்தைப் புதுப்பிக்கச் சி.பி.டி. எனப்படும் தொடர் தொழில் மேம்பாட்டுப் புள்ளிகள் தேவைப்படுவதால் ஞாயிற்றுக்கிழமைகளை ஹோட்டல் மண்டபங்களில் கழிக்க வேண்டியிருக்கிறது, அங்கே சொல்வதையெல்லாம் வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாமே, அப்படியிருக்க எந்தக் கருத்தரங்குக்குப் போவது, கோலாலம்பூர் வரைக்கும் போகத்தான் வேண்டுமா என்பவை அவருடைய ஐயங்கள். பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுனில் மருந்தகம் நடத்திவருபவன் என்ற முறையில் என் பதில் இது: தகவலுக்காகப் போவதென்றால் பெரும்பாலான கருத்தரங்குகள் வீண், முகப்பிடத்தில் நின்று எடுக்க வேண்டிய முடிவுகளைச் சக மருந்தாளர்களோடு சேர்ந்து அலசுவதற்காகப் போவதென்றால், அதற்கு ஈடான வழி வேறு இல்லை.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் விலையைச் சொல்லிவிட வேண்டும். 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி, மருந்தகத்தில் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள மருந்துகளை உரிமம் பெற்ற மருந்தாளரோ அவருடைய நேரடிக் கண்காணிப்பில் இருப்பவரோதான் கொடுக்க முடியும். ஆகவே ஒரே மருந்தாளர் உள்ள கடையில், அவர் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் ஒன்று லோக்கம், அதாவது தற்காலிக மாற்று மருந்தாளருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அல்லது வைட்டமின்களையும் பிளாஸ்டரையும் மட்டும் விற்றுக்கொண்டிருக்க வேண்டும். மருத்துவமனைகளில் பணியாற்றும் நண்பர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரிவதில்லை. அவர்களுடைய துறைக்குள்ளேயே, பணி நேரத்திலேயே உரைகள் நடந்துவிடுகின்றன.

இவ்வளவு செலவுக்குப் பலன் கிடைக்கிறதா என்பதை ஆய்வாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். சுகாதாரப் பணியாளர்களுக்கான கல்விக் கூட்டங்களைப் பற்றி 2009-இல் வெளியான, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 81 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய பணிமுறையில் ஏற்பட்ட விரும்பத்தக்க மாற்றம் இடைநிலை அளவில் 6 விழுக்காடாகத்தான் இருந்தது. சிறிய பலன்தான் என்றாலும் ஒன்றுமே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. உரையும் பயிற்சியும் கலந்த கூட்டங்கள், வெறும் உரையைக் காட்டிலும் கூடுதலாக உதவின என்பதும், சிக்கலான பழக்கங்களை மாற்றக் கூட்டம் மட்டும் போதவில்லை என்பதும் அதே மதிப்பாய்வில் உள்ளவை. நான் பார்த்த அளவில் இது மிகச் சரி.

படித்தே தெரிந்துகொள்ளக்கூடியவற்றுக்கு இனிப்பு நீர் நோய்க்குத் தரும் மெட்ஃபோர்மின் நல்ல எடுத்துக்காட்டு. அந்த மருந்து சிதைவடையாமல் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதைத் தரலாமா என்ற கேள்வி எப்போதும் இருந்தது. முன்பெல்லாம் ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவை வைத்துத்தான் எல்லை போடப்பட்டது. 2016-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்த எல்லையை, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்குக்கு மாற்றியது, 30-க்குக் கீழே போனால் கொடுக்கக் கூடாது, 30-க்கும் 45-க்கும் இடையில் இருப்பவருக்குப் புதிதாகத் தொடங்குவது நல்லதல்ல என்றது. இதைத் தெரிந்துகொள்ள லோக்கம் வைத்துவிட்டு மண்டபத்துக்குப் போக வேண்டியதில்லை. காலையில் கடை திறப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். புதிய எச்சரிக்கைகள், திரும்பப் பெறப்பட்ட மருந்துகள், மாறிய அட்டவணைகள் ஆகியவை எல்லாம் இந்த வகையில் சேர்பவை.

ஆஸ்துமா அப்படிப்பட்டதல்ல. ஜீனா என்று நாம் சுருக்கமாக அழைக்கும் உலக ஆஸ்துமா வழிகாட்டி, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீலப் பம்பில் வரும், உடனடி நிவாரணம் தரும் சால்பியூட்டமாலை மட்டும் கொடுத்துவரும் சிகிச்சையை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று 2019-இல் அறிவித்தது. அந்த ஒரு வரியைப் படித்துவிடலாம். ஆனால் "அந்த நீலப் பம்ப் ஒன்னு குடுங்க தம்பி, மத்தது எனக்கு ஒத்துக்காது" என்று கேட்டு வரும் ஐயாவிடம் என்ன பேசுவது என்பது அந்த வரியில் இல்லை. மருந்தில்லாத பயிற்சி இன்ஹேலர்களை மேசை மேல் பரப்பி, ஒவ்வொருவரையும் செய்துகாட்டச் சொல்லும் பட்டறைகளில்தான் அது கைவருகிறது. அழுத்தி இழுக்கும் வகையை மெதுவாக இழுத்து, முடிந்தால் பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். தூள் வகையை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இரண்டையும் எழுத்தில் அறிந்திருந்த மருந்தாளர்களே கையில் எடுத்ததும் குழம்பியதைப் பார்த்திருக்கிறேன். நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பவரின் கை தடுமாறினால், அவர் வாயால் சொல்வது எடுபடாது.

இதைவிடப் பெரிய பயன், எந்த வழிகாட்டியிலும் நேரடியாக விடை இல்லாத கேள்விகளில் கிடைக்கிறது. நம் ஊருக்குரிய ஒன்றையே சொல்கிறேன். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் விரதம் இருப்பவர்களில் இனிப்பு நீர் நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் எத்தனையோ பேர். சிலர் ஒரு வேளை மட்டும் சைவ உணவு எடுத்து, பூசத்தன்று வெறுங்காலுடன் வெயிலில் நடந்து தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறார்கள். ரமலான் நோன்புக்கு நம்மிடம் நல்ல வழிகாட்டி இருக்கிறது. அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பு மற்றோர் அமைப்போடு சேர்ந்து 2016-இல் வெளியிட்டு, 2021-இல் புதுப்பித்தது. ரத்தச் சர்க்கரை 3.9 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலோ 16.6-க்கு மேல் ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. பூச விரதத்துக்கு அப்படி ஒரு நூலை நான் பார்த்ததில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்பதால் சில வகையில் இது எளிது. வாரக்கணக்கில் நீள்வதாலும், கடைசி நாளில் உடல் உழைப்பு உச்சத்துக்குப் போவதாலும் சில வகையில் இது கடினம்.

பினாங்கில் நாங்கள் சிலர் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் இதையே வழக்காக, அதாவது ஒரு நோயாளியின் நிலையை வைத்து அலசும் எடுத்துக்காட்டாக, எடுத்துக்கொண்டோம்: இனிப்பு நீர் நோய்க்குக் கிளிக்லசைடும் எம்பாகிளிஃப்ளோசினும் ரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோபிரிலும் எடுக்கும் ஐம்பது வயதுக்காரர், ஒரு வேளை உணவு, பூசத்தன்று பால் காவடி. மருத்துவமனையிலிருந்து வந்தவர், கிளிக்லசைடு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்பதால் அதை உணவு வேளையோடு கட்ட வேண்டும் என்றார். இன்னொருவர் எம்பாகிளிஃப்ளோசினைப் பற்றிக் கவலைப்பட்டார். அது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்போது நீரையும் சேர்த்து இழுத்துச் செல்கிறது, மாவுச்சத்து மிகக் குறைந்திருக்கும் உடலில், சர்க்கரை பெரிதாக ஏறாத நிலையிலும் ரத்தம் அமிலமாகும் ஆபத்து அதற்கு உண்டு. பெரிண்டோபிரிலும் வெயிலும் நீரிழப்பும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் சுமை. ஆலயத்தில் தொண்டு செய்யும் ஓர் அம்மையார், இவர்கள் பூசத்தன்று காலையில் மாத்திரையே எடுப்பதில்லை, அதை யாரிடமும் சொல்வதும் இல்லை என்று எங்கள் கணக்கையெல்லாம் கலைத்துவிட்டார். அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. ஆகவே விரதம் தொடங்கும் முன்பே நோயாளியிடம் கேட்பது, சுகாதார கிளினிக் மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்புவது, சர்க்கரைமானியைக் காவடி வீட்டாரிடம் இருக்கச் செய்வது என்று முடிவெடுத்தோம். மறு ஆண்டு மார்கழியிலேயே என் கடையில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிட்டோம். அன்று மண்டபமும் இல்லை, விருந்தும் இல்லை. தே தாரிக்கும் வடையும்தான்.

நம் நாட்டுச் சூழலும் இத்தகைய வழக்குக் கூட்டங்களின் தேவையைக் கூட்டுகிறது. தனியார் மருத்துவர்களே மருந்தையும் கொடுப்பதால், பலருடைய மருந்துச் சீட்டு நம் கண்ணில் படுவதே இல்லை. அரசாங்க கிளினிக்கில் ஒரு பை, தனியார் கிளினிக்கில் ஒரு பை, நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் என்று வைத்திருப்பவர், வெட்டிய அட்டையைக் காட்டி "இதே மாதிரி ஒன்னு" என்று நம்மிடம் வருகிறார். முழுப் படமும் இல்லாமல் முடிவெடுக்கும் வேலை இது, பிறர் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

மருந்து நிறுவனங்கள் ஏற்பாடு செய்யும் இரவு விருந்துக் கருத்தரங்குகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவற்றை முற்றிலும் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல நிபுணர்கள் அங்கேயும் பேசுகிறார்கள். ஆனால் திரையில் "25 விழுக்காடு குறைந்தது" என்று வரும்போது, எதிலிருந்து எதற்குக் குறைந்தது என்று கேளுங்கள். நூற்றில் நான்கு பேருக்கு வந்தது மூன்று பேருக்கு வந்தாலும் அது 25 விழுக்காடுதான். ஒருவருக்குப் பலன் கிடைக்க நூறு பேர் அந்த மருந்தை எடுக்க வேண்டும். எதோடு ஒப்பிட்டார்கள், எந்த வயதினரிடம் சோதித்தார்கள் என்பவையும் கேட்க வேண்டியவை. 2018-இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வு, பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய, இதய நோய் இல்லாத 19,114 பேரிடம் தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரினைச் சோதித்தது. ஊனமற்ற வாழ்நாள் நீளவில்லை. பெரும் ரத்தக்கசிவு 2.8 விழுக்காட்டிலிருந்து 3.8-ஆகக் கூடியது. தாமாகவே ஆஸ்பிரின் வாங்கி விழுங்கும் முதியவர்கள் நம் கடைக்கு வரத்தான் செய்கிறார்கள். இதை விளக்க எந்த நிறுவனம் நமக்கு இரவு விருந்து வைக்கும்? மருந்தைத் தொடங்குவதற்குப் புரவலர் இருக்கிறார், நிறுத்துவதற்கு இல்லை. ஆகவே பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ மருந்தாளர் சங்கமோ நடத்துவதற்கு நான் முன்னுரிமை தருகிறேன். 1972-இல் நாட்டின் முதல் மருந்தியல் கல்விப் பிரிவு தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நம் தீவிலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி.

புள்ளிகளைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. அந்தக் கட்டாயம் இல்லையென்றால் வராத பலரை அது மண்டபத்துக்குள் கொண்டுவருகிறது. ஆனால் புள்ளி பெரும்பாலும் உட்கார்ந்த நேரத்தைத்தான் அளக்கிறது. கேமராவை அணைத்துவிட்டு, இணையக் கருத்தரங்கை ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பவருக்கும் அதே புள்ளி கிடைத்துவிடும். அனைத்துலக மருந்தியல் கூட்டமைப்பு 2002-இல் வெளியிட்ட அறிக்கை, தொடர் தொழில் மேம்பாட்டை ஒரு சுழற்சியாகவே விவரித்தது: தன் குறையைத் தானே மதிப்பிடுவது, திட்டமிடுவது, கற்பது, பயன் விளைந்ததா என்று பார்ப்பது. பிரிட்டனில் 2018 முதல் மருந்தாளர்கள் ஆண்டுக்கு நான்கு கற்றல் பதிவுகளோடு, சக தொழிலர் ஒருவருடனான உரையாடலையும், தம் பணியைப் பற்றிய சிந்தனைக் குறிப்பு ஒன்றையும் சமர்ப்பிக்க வேண்டும் என்று மாற்றினார்கள். அதில் அந்த உரையாடல் எனக்குப் பிடித்த பகுதி. இங்கேயும் அது வந்தால் நல்லது. வரும்வரை நாமே செய்துகொள்ளத் தடை ஏதும் இல்லை. என் கடையில் முகப்பிடத்துக்கு அடியில் ஒரு நோட்டு இருக்கிறது. விடை தெரியாமல் நின்ற கேள்விகளை அதில் எழுதிவைக்கிறோம். அறிவிப்பு வந்ததும் அந்த நோட்டைப் பார்த்து, அதில் ஒன்றிரண்டுக்காவது தொடர்பு இருந்தால் பதிவு செய்கிறேன், இல்லையென்றால் விட்டுவிடுகிறேன்.

இனி கோலாலம்பூர் விஷயம். கடையைத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் அதற்கு அவசரம் இல்லை. பெரிய மாநாடுகளில் மேடை உரைகளை விட இடைவேளை உரையாடல்கள் மதிப்புள்ளவை, ஆனால் அங்கே யாரிடம் என்ன கேட்பது என்று தெரியும் அளவுக்கு நம் கடை நமக்குப் பழகியிருக்க வேண்டும். இப்போதைக்குப் புள்ளியில் ஒரு பகுதியை இணையவழியில் சேர்த்துக்கொண்டு, செலவழிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கையால் செய்து பார்க்கும் பட்டறைகளுக்கும் வழக்குக் கூட்டங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ தனியாகக் கடை நடத்தும் வேறு இரண்டு மூன்று மருந்தாளர்களைப் பிடித்து, யார் எந்த ஞாயிறு போவது, யார் யாருக்கு லோக்கமாக நிற்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், செலவும் குறையும். போய்வந்தவர் மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லியாக வேண்டும் என்பதால் மண்டபத்தில் தூங்கவும் மாட்டார்.