பழைய மோட்டார்ஹோமும் காற்றுப்பையும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கி வாழும் வசதியுள்ள பெரிய வண்டி) வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் ஏர் சஸ்பென்ஷன் பற்றி, அதாவது காற்றடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பைப் பற்றி, கேட்ட கேள்விகள் இவை. ஆரம்பிக்கும் முன் ஒன்று: காற்றுப்பை மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குக் கீழே ஜாக் ஸ்டாண்ட் (எடையைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) கொடுத்த பிறகுதான் மற்ற வேலை.

ஒஹாயோவிலிருந்து: 1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம். ராத்திரி நிமிர்ந்து நிற்கிறது, காலையில் பின்பக்கம் வலது புறம் உட்கார்ந்துவிடுகிறது. பையை மாற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள். 1973 முதல் 1978 வரை வந்த இந்த வண்டிக்கு முன்சக்கர இழுவை. பின்னால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் இரும்புக் கைகளுக்கு நடுவே படுக்கைவாட்டில் ஒரே ஒரு காற்றுப்பை. உயரத்தைத் தானாகச் சரிசெய்ய கம்ப்ரஸர், தொட்டி, உயரம் பார்க்கும் கருவி, வால்வுகள், இதையெல்லாம் இணைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் என்று ஒரு கூட்டமே கூட இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஐம்பது வயது, ஒவ்வொரு இணைப்பும் கசியக்கூடிய இடம்.

பைக்குப் போகும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு டயர் வால்வைப் பொருத்தி, காற்றடித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அப்படியே நின்றால் பை நல்ல பை, குற்றவாளி மீதிக் கூட்டத்தில் இருக்கிறான். இறங்கியிருந்தால் வால்வின் வாயிலும் பையின் ஓரத்திலும் சோப்புத் தண்ணி தெளித்து நுரை வருகிறதா பாருங்கள்.

இந்தச் சோதனை செய்யும் பலர் பழையதை மறுபடி மாட்டுவதே இல்லை, நானும் அந்தக் கட்சிதான். பக்கத்துக்கு ஒரு தனிக் குழாய், ஒரு கேஜ் (அழுத்தமானி), கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டயர் வால்வு, அவ்வளவு போதும். சின்ன 12 வோல்ட் கம்ப்ரஸர் இருந்தால் வழியிலேயே அடித்துக்கொள்ளலாம். என்ன, வண்டி தானாக நிமிராது, கிளம்பும் முன் நீங்கள்தான் உயரம் பார்க்க வேண்டும். ஒரு உபரிப் பையும் வண்டியில் கிடக்கட்டும்.

நியூ ஜெர்சியிலிருந்து: அந்த ஜிஎம்சி பையில் எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைக்க வேண்டும்?

எண்ணைக் கேட்காதீர்கள், உயரத்தைக் கேளுங்கள். கையேட்டில் சொன்ன இடத்திலிருந்து தரைவரை அளந்து, சொன்ன உயரம் வரும்வரை காற்றடியுங்கள். அப்போது கேஜ் காட்டுவதுதான் உங்கள் வண்டியின் அழுத்தம். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அதுவும் மாறும்.

அரிசோனாவிலிருந்து: ஷெவர்லே பி30 சேஸிஸ், முன்பக்கச் சுருள்வில்லுக்குள் ஒரு பை இருக்கிறது. இதையும் இப்படி எளிமையாக்கலாமா?

அது ஏற்கெனவே எளிமைதான், அண்ணா. எடையில் பெரும்பங்கை வில் தாங்குகிறது, பை உதவிக்கு. காற்றே இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள், வில்லுக்கும் பைக்கும் இடையே கடிபட்டுக் கிழியும்.

டெக்சாஸிலிருந்து: பின்னால் டீசல் எஞ்சின், ஏர் பிரேக் உள்ள பெரிய வண்டி. வண்டியின் உயரத்தைப் பார்த்துத் தானாகக் காற்றை ஏற்றி இறக்கும் உயர வால்வுகளைக் கழற்றிவிட்டு கையால் அடிக்கும் முறைக்கு மாறலாமா?

வேண்டாம். உங்கள் சஸ்பென்ஷனும் பிரேக்கும் ஒரே கம்ப்ரஸரின் காற்றைத்தான் எடுக்கின்றன. சஸ்பென்ஷன் கசிந்தாலும் பிரேக் தொட்டி காலியாகாமல் இருக்க நடுவே ஒரு பாதுகாப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். அதன் போக்கு தெரியாமல் குழாயை வெட்டி ஒட்டினால் பிரேக்கில் கை வைத்த மாதிரி. இந்த வண்டிகளில் பெரும்பாலும் மூன்று உயர வால்வுகள், ஒரு அச்சில் இரண்டு, இன்னொன்றில் ஒன்று. நான்கு வைத்தால் ஒன்றோடொன்று சண்டை போடும், மூன்று புள்ளியில் வண்டி நிலைபெற்றுவிடும். வால்விலிருந்து அச்சுக்குப் போகும் சின்னக் கம்பியின் மூட்டு தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வண்டி சாய்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பார்க்கும்போது ஜாக் ஸ்டாண்ட்.

கலிஃபோர்னியாவிலிருந்து: ஜிஎம்சியில் இடது வலது பைகளை ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு இணைத்துவிட்டேன். ஒரே கேஜ், ஒரே வால்வு. இதைவிட எளிமை உண்டா?

எளிமைதான், திருப்பத்தில் தெரியும். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்துப் பை அமுங்குகிறது, அதில் அழுத்தம் ஏறுவதுதான் சாய்வைத் தடுக்கிறது. நீங்கள் இணைத்துவிட்டதால் அந்தக் காற்று எதிர்ப்பக்கம் ஓடி, உள்பக்கத்தைத் தூக்குகிறது. பிரித்துவிடுங்கள்.

அவரே மறுபடி: லாரிகளில் ஒரே உயர வால்விலிருந்து இரண்டு பக்கத்துக்கும் காற்று போகிறதே? லட்சக்கணக்கில் ஓடுகின்றனவே?

ஓடுகின்றன, ஆனால் அங்கே இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரு கனமான அச்சு இணைக்கிறது. அது இரண்டு பக்கக் கைகளோடும் இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால், உடல் சாயும்போது முறுக்கிக்கொண்டு எதிர்த்து நிற்கும். குழாயும் மெல்லியது, ஒரு வளைவுக்குள் அதிகக் காற்று மாற முடியாது. உங்கள் ஜிஎம்சியின் பின்னால் குறுக்கே அச்சே கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் தனி, சாய்வைத் தாங்க அங்கே பையைவிட்டால் ஆள் இல்லை.

அவரே: நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

சரி, நிறுத்தியிருக்கும்போது? எடை கூடின பக்கம் இறங்கும், இலேசான பக்கம் ஏறும், காற்றடித்தாலும் சாய்வு போகாது. திடீரென்று யாராவது குறுக்கே வந்து நீங்கள் ஸ்டீயரிங்கை ஒடித்தால் வேகம் குறைவு என்பது எவ்வளவு தூரம் காப்பாற்றும்? இன்னொரு கேஜ் வாங்க எத்தனை டாலர் ஆகிவிடும்?

இல்லினாயிலிருந்து: ஜிஎம்சி பையில் எத்தனை பி.எஸ்.ஐ.?

மேலே.

ஜார்ஜியாவிலிருந்து: இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டுமா?

மேலே சொன்னதேதான். உயரம் ஒன்றாக இருக்கட்டும், அழுத்தம் வேறாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் கூடக் காட்டலாம்.

ஃபுளோரிடாவிலிருந்து: டயரில் எவ்வளவு காற்று?

அது வேறு கேள்வி. நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கும் ‘கேட்’ (CAT) நிறுவன எடைமேடையில் அச்சு அச்சாக எடை போட்டுவிட்டு, டயர் கம்பெனியின் அட்டவணையைப் பாருங்கள்.

கலிஃபோர்னியாவிலிருந்து, மறுபடி: டீயைக் கழற்றப் போகிறேன். வண்டிக்கு அடியில் படுத்தால் கை எட்டுகிறது, ஜாக் ஸ்டாண்ட் கட்டாயமா?

கட்டாயம். நீங்கள் கழற்றப்போவதே வண்டியைத் தாங்கும் காற்றை. ஸ்டாண்ட் வைத்து, இரண்டு பையையும் முழுக்கக் காலி செய்துவிட்டுக் கழற்றுங்கள். அப்புறம் இரண்டு கேஜ் போட்டு உயரம் சரிசெய்து, என்ன எண் வருகிறதென்று எழுதுங்கள், பார்ப்போம்.