உண்ணியா, சிலந்தியா, தேளா?

பழைய பத்திரங்களைப் பிரித்தபோது எள்ளளவு உண்ணி ஒன்று ஊர்ந்தது. முன்னால் நண்டுபோல இரண்டு கொடுக்குகள். தொட்டதும் பின்பக்கமாகவே ஓடியது. கடிக்குமா?
– வாசகர், பாலக்கோடு

கொடுக்கு என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. உண்ணிக்கு அப்படி ஒன்று கிடையாது. நீங்கள் பார்த்தது பொய்த்தேள். உடல் உண்ணிபோலத் தட்டையாக, பின்புறம் உருண்டிருப்பதால் பலரும் ஏமாறுகிறார்கள். எட்டுக் கால்களோடு கொடுக்குகளும் சேர்ந்து பத்துக் கால்போலத் தெரியும்; வால் இல்லை, கொட்டாது. பெரும்பாலான இனங்கள் 2 முதல் 8 மில்லிமீட்டர் வரைதான். கொடுக்கில் உள்ள நஞ்சு சின்னஞ்சிறு இரைக்கு மட்டுமே போதும். காகிதத்தில் மேயும் புத்தகப் பேன்களைத் தின்பதால் உங்கள் பத்திரங்களுக்கு அது காவல்காரன். புத்தகங்களுக்குள் வாலில்லாத தேள் போன்ற உயிர் இருப்பதை அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். மாமரத்துப் பட்டை இடுக்கிலும் தேடிப் பாருங்கள். ஈயின் காலைக் கவ்விக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும், டிக்கெட் இல்லாமல்!

பசுமைக்குடில் ரோஜாவில் சிவப்புச் சிலந்தி என்கிறார்கள். சிலந்தி பூச்சியைத் தின்னும்தானே, பிறகு ஏன் மருந்து?
– வாசகர், ஓசூர்

குற்றம் பெயரில் இருக்கிறது. செடியில் சாறு உறிஞ்சும் இந்தச் சிற்றுண்ணி மெல்லிய நூலாம்படை பின்னுவதால் நம் ஊரில் அதற்குச் சிலந்தி என்று பெயர் வைத்துவிட்டோம். வளர்ந்தது அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. இலையை வெள்ளைத் தாளின் மேல் தட்டி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். இடுப்பே இல்லாமல் ஒரே உருண்டையாக, மெதுவாக நகர்ந்தால் அதுதான் எதிரி. பளபளப்பாக, பேரிக்காய் வடிவில், விடாமல் ஓடிக்கொண்டிருந்தால் அவற்றைத் தின்னும் இரைபிடி உண்ணியாக இருக்கலாம். குறுகிய இடுப்பும் இரண்டு பகுதி உடலும் தெரிந்தால் உண்மையான சிலந்தி. கண்டதையும் கொல்லும் மருந்தை அடித்தால் பின்னிரண்டும் முதலில் சாகும். சிவப்புச் சிலந்தி முன்பைவிடப் பெருகும்.

திண்ணைச் சுவரில் மஞ்சள் புள்ளிகள் கொத்தாக இருக்கின்றன. ஊதினால் சிதறி மறுபடி கூடுகின்றன.
– வாசகர், போச்சம்பள்ளி

சிலந்திக் குஞ்சுகள். சில நாளில் நூல் விட்டுக் காற்றில் பறந்துவிடும். விளக்குமாற்றை எடுக்காதீர்கள்.

ஆட்டின் காதில் கடுகைவிடச் சிறியவை. எண்ணினால் ஆறே கால். அப்படியானால் பூச்சிதானே?
– வாசகர், அரூர்

உண்ணிக் குஞ்சுக்கும் ஆறு கால்தான். தோலுரித்த பிறகே எட்டாகும். தலையில் உணர்கொம்பு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் பூச்சி இல்லை.

முதல் மழைக்கு வரும் சிவப்பு வெல்வெட் பூச்சியைப் பிள்ளைகள் தீப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஒருவர் சிலந்தி என்கிறார், ஒருவர் உண்ணி என்கிறார்.
– வாசகர், பென்னாகரம்

இரண்டாமவர் சொல்வது சரி. ஒரு சென்டிமீட்டர் வரை வளர்ந்தாலும் தம்பலப்பூச்சி சிற்றுண்ணி இனமே. சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவதும் இதுதான். மனிதரைக் கடிக்காது, பார்த்துவிட்டு மண்ணில் விடச் சொல்லுங்கள். ஆனால் இதன் தூரத்து உறவில் ஒரு வகை உண்டு. கண்ணுக்கே எளிதில் தெரியாத அதன் குஞ்சு, புதர்க்காட்டில் கடித்து ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும். காடு மேட்டுக்குப் போய்வந்த பிறகு காய்ச்சலோடு அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோலக் கருப்புப் பொருக்கு தெரிந்தால், அன்றே மருத்துவரிடம் போய் அதைக் காட்டுங்கள்.